ஏழு நொடி தாளமும் அதன் சொந்தக்காரர்களும்

போன எபிசோடில் ஹிப் ஹாப் பற்றிக் கொஞ்சம் பேசியிருந்தோம். அதுக்கப்புறம் நேயர்கள் சில பேர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருந்தீங்க: "காசு வந்ததும் ஹிப் ஹாப் கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்களே, அது உண்மையா?"

இந்தக் கேள்வியை அமெரிக்காவிலேயே நாற்பது வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. தங்கச் சங்கிலி, விலை உயர்ந்த கார், வீடியோவில் பறக்கிற டாலர் நோட்டு, இதையெல்லாம் காட்டி "பாத்தீங்களா" என்று சொல்லிவிடலாம். எனக்கு அந்த விவாதத்தில் பெரிய ஆர்வம் கிடையாது. பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதை ஆயிரம் பேர் அலசியாகிவிட்டது. பாட்டு எப்படிச் செய்யப்படுகிறது என்பதையே காசு மாற்றிப் போட்டதே, அதுதான் என்னை இழுக்கிற விஷயம். 1989-ல் வந்த ஒரு ஆல்பத்தையும் 1997-ல் வந்த ஒரு ஆல்பத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால், இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாதவருக்குக்கூட அந்த வித்தியாசம் காதில் விழும். இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

முதல்ல ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன். ஹிப் ஹாப் காசு வாடையே இல்லாத இடத்தில் பிறந்தது, பிறகு வியாபாரிகள் வந்து கெடுத்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை நிக்காது. 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரத்தில் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூவில் 1520-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். ஹிப் ஹாப் பிறந்த நாள் என்று உலகமே கொண்டாடுவது அங்கே நடந்த ஒரு பார்ட்டியைத்தான். அதை ஏற்பாடு செய்தவர் சிண்டி கேம்பல். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறது, புதுத் துணி எடுக்கக் காசு வேணும். அதுக்குத்தான் பார்ட்டி. பெண்களுக்கு 25 சென்ட், பையன்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். இசைத்தட்டு சுழற்றியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பம். ஆக, முதல் நாளே வாசலில் டிக்கெட் இருந்தது.

ஹெர்க் கவனித்தது ஒரு சின்ன விஷயம். பாட்டு ஓடும்போது, பாடுகிறவர், கிதார், ட்ரம்பெட் எல்லாம் நின்று போய் டிரம்ஸ் மட்டும் தனியாக வாசிக்கிற சில நொடிகள் வரும். அதுக்குப் பேரு பிரேக். ஆடுகிறவர்கள் அந்த இடத்துக்காகக் காத்திருந்து அப்போதுதான் களத்தில் குதிக்கிறார்கள். சரி, அந்த இடத்தை மட்டும் நீட்டினால் என்ன? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி, இரண்டு டர்ன்டேபிள். ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே பிரேக்கைத் தொடங்கு. அது முடிவதற்குள் முதல் தட்டைப் பின்னால் சுழற்றித் தயாராக வை. ஐந்து நொடி, ஐந்து நிமிஷமாகிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒண்ணு இருக்கு. ஹெர்க் தன் இசைத்தட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்துவிடுவாராம். என்ன தட்டு என்று போட்டி டிஜேக்களுக்குத் தெரியக்கூடாது. நம்ம ஊரில் பிரியாணி மாஸ்டர் மசாலா அரைக்கும்போது உதவியாளை வெளியே அனுப்புகிற மாதிரி. தொழில் ரகசியம், போட்டி, வசூல் எல்லாமே அந்தக் காலத்திலேயே உண்டு. ஆனால் அந்தக் காசு சில்லறைக் காசு. அது பிராங்க்ஸைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. அங்கேயே சம்பாதித்தார்கள், அங்கேயே செலவழித்தார்கள்.

1979-ல் அது மாறியது. நியூஜெர்சியில் சில்வியா ராபின்சன் என்பவர் ஒரு இசைத்தட்டு நிறுவனம் நடத்திவந்தார். மூன்று பையன்களைப் பிடித்து, சுகர்ஹில் கேங் என்று பெயர் வைத்து, "ராப்பர்ஸ் டிலைட்" என்ற பாட்டை வெளியிட்டார். முழு வடிவம் பதினான்கு நிமிஷத்துக்கு மேல். தேசம் முழுக்க ஓடியது. இந்த ஒரே பாட்டில், பின்னால் வரப்போகிற எல்லாச் சண்டையும் விதையாக இருக்கிறது.

ஒன்று, பிராங்க்ஸ் பார்ட்டிகளில் ராஜா டிஜேதான். மைக் பிடித்தவர் அவருக்குத் துணை. ஆனால் தட்டில் பதிவு செய்ய வேண்டியது பேச்சு. டிஜேக்குப் பதிலாக ஸ்டூடியோ வாத்தியக்காரர்கள், ஷிக் குழுவின் "குட் டைம்ஸ்" பாட்டின் பேஸ் கிதார் வரியை அப்படியே திரும்ப வாசித்தார்கள். கலையை உருவாக்கியவரே தட்டிலிருந்து காணாமல் போனார். இரண்டு, அந்த "குட் டைம்ஸ்" பாட்டை எழுதிய நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் வழக்குப் போடுவோம் என்றார்கள், பாடலாசிரியர்களாக அவர்கள் பெயர் சேர்க்கப்பட்டது. மூன்றாவதுதான் எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. அந்தப் பாட்டில் பிக் பேங்க் ஹேங்க் சொல்கிற வரிகள் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்க்ஸ் கலைஞர் எழுதியவை. காஸ் தன் பழைய மேடைப் பெயரை ஒரு வரியில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருந்தார். ஹேங்க் அதைக்கூட மாற்றாமல் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறார்! உலகம் முழுக்க ஒலித்த பாட்டில் காஸின் பெயர் இருக்கிறது, பாடலாசிரியர் பட்டியலில் இல்லை. ஷிக் குழுவிடம் வக்கீல் இருந்தார், பதிவு செய்த பாட்டு இருந்தது. காஸிடம் இருந்தது ஒரு நோட்டுப் புத்தகம்.

இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கங்க. மேல போகப் போக இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

எண்பதுகளின் நடுவில் பெரிய காசு எட்டிப் பார்த்தது. ரன் டி.எம்.சி. குழு தாங்கள் போடும் ஷூவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார்கள். 1986-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் கச்சேரியில் ரசிகர்கள் தங்கள் ஷூவைக் கழற்றி உயர்த்திக் காட்டியதை அடிடாஸ் நிறுவன அதிகாரி ஒருவர் நேரில் பார்த்தார். பிறகு பத்து லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம். இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

அதே சமயத்தில் வேறொரு புரட்சி சின்னப் பெட்டிகளுக்குள் நடந்துகொண்டிருந்தது. 1987-ல் எஸ்.பி. 1200, 1988-ல் எம்.பி.சி. 60. இவை சாம்ப்ளர் கருவிகள். இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டு ஒலியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டினால் திரும்ப வாசிக்கும். ஹெர்க் இரண்டு டர்ன்டேபிளில் வியர்வை சிந்திச் செய்ததை இது விரல் நுனியில் செய்தது. எஸ்.பி. 1200-ன் மொத்த நினைவகம் பத்து நொடிதான். பத்து நொடி! அதில் ஒரு முழுப் பாட்டுக்கான துண்டுகளும் அடங்க வேண்டும். பையன்கள் என்ன பண்ணினாங்க தெரியுமா? 33 வேகத்தில் சுற்ற வேண்டிய தட்டை 45 வேகத்தில் சுற்றவிட்டு, சீக்கிரம் ஓடவைத்துப் பதிவு செய்தார்கள். பிறகு கருவிக்குள் மெதுவாக்கினார்கள். இடம் மிச்சம். அப்படி மெதுவாக்கும்போது ஒலியில் ஒரு கரகரப்பு வரும். அந்தக் காலத்து ஹிப் ஹாப்பில் கேட்கிற மண் ஒட்டின மாதிரியான சத்தத்துக்கு இந்தக் கஞ்சத்தனம் ஒரு முக்கியக் காரணம்.

இந்தக் கருவிகளைக் கையில் எடுத்தவர்கள் செய்ததைக் கேட்டால் இன்றைக்கும் மூச்சு முட்டும். பப்ளிக் எனிமி 1988-ல் வெளியிட்ட ஆல்பத்தில், எந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாத அளவுக்குத் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். 1989-ல் டி லா சோல் குழுவின் "3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்". அதில் ஜானி கேஷ் இருக்கிறார், ஸ்டீலி டான் இருக்கிறார்கள், பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுக்கும் பாடத் தட்டுகூட இருக்கிறது. பழைய தட்டுக் கடையில் தூசி தட்டி எடுத்த எதுவும் பாட்டாகலாம். வாத்தியம் வாங்கக் காசில்லாத, இசைப் பள்ளிக்குப் போக வழியில்லாத பிள்ளைகளுக்கு அது ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா.

இதையெல்லாம் ஏன் ஆரம்பத்தில் பெரிசா யாரும் தட்டிக் கேட்கவில்லை? தட்டிக் கேட்கிற அளவுக்கு அதில் காசு இல்லை, அல்லது இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1991-ல் அது தெரிந்துவிட்டது. எப்படின்னா, அதுவரைக்கும் அமெரிக்காவில் எந்த ஆல்பம் அதிகம் விற்கிறது என்று பில்போர்ட் பத்திரிகை போடும் பட்டியல், கடைக்காரர்களைக் கேட்டுத் தயாராவது. கடைக்காரர் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்வார், பிடித்ததைச் சொல்வார். 1991 மே மாதம் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கல்லாவில் பார்கோடு ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு விற்பனையும் எண்ணப்பட்டது. ஒரு மாதம்கூட முழுசாக ஆகவில்லை, என்.டபிள்யூ.ஏ. குழுவின் ஆல்பம் முதல் வாரமே இரண்டாம் இடத்தில் நுழைந்து, பிறகு முதலிடத்துக்குப் போனது. வானொலி தொடப் பயந்த குழு அது. ஆட்கள் புதுசாக வாங்க ஆரம்பிக்கவில்லை, வாங்கிக்கொண்டிருந்தது இப்போதுதான் கணக்கில் வந்தது. இசை நிறுவனங்கள் அந்தக் கணக்கைப் பார்த்தன. வக்கீல்களும் பார்த்தார்கள்.

அதே 1991 டிசம்பர் 17. நியூயார்க் நீதிமன்றம். பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மேல் வழக்கு. கில்பர்ட் ஓ'சல்லிவன் பாடிய "அலோன் அகெய்ன்" பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துப் பயன்படுத்திவிட்டார். நீதிபதி கெவின் டஃபி எழுதிய தீர்ப்பு, திருடாதே என்ற பைபிள் கட்டளையோடு தொடங்குகிறது. ஆல்பத்தை விற்கக்கூடாது என்று தடை. குற்ற வழக்குத் தொடரலாமா என்று அரசு வழக்கறிஞர் பார்க்க வேண்டும் என்றும் அனுப்பினார். பாட்டுத் துண்டு எடுத்ததுக்கு ஜெயிலா என்று எல்லாரும் ஆடிப்போனார்கள். கிரிமினல் வழக்கு எதுவும் வரவில்லை. ஓ'சல்லிவன் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பதை மறைக்கக்கூடாது. அனுமதி கேட்டுக் கடிதம் போட்டுவிட்டு, பதில் வருவதற்கு முன்பே ஆல்பத்தை வெளியிட்டிருந்தார்கள். பிஸ் மார்க்கி நகைச்சுவைக்காரர். 1993-ல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயர் "ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்!" எல்லாத் துண்டுக்கும் அனுமதி வாங்கியாச்சுங்க, என்று.

இங்க ஒரு கணக்கைப் புரிஞ்சுக்கணும். ஒரு பாட்டில் இரண்டு உரிமை இருக்கிறது. மெட்டும் வரியும் எழுதியவருக்கு ஒன்று, அந்த ஒலிப்பதிவுக்குச் சொந்தக்காரருக்கு இன்னொன்று. சினிமாப் பாட்டில் இசையமைப்பாளர் ஒரு பக்கம், ஆடியோ கம்பெனி இன்னொரு பக்கம் என்று நம்ம ஊர் நீதிமன்றங்களில் நடக்கிற வழக்குகளைச் செய்தியில் படிச்சிருப்பீங்க. அதே கதைதான். ஒரு துண்டு எடுத்தால் இரண்டு பேரிடமும் அனுமதி, இரண்டு பேருக்கும் காசு. அப்படின்னா இருபது துண்டு அடுக்கின ஒரு பாட்டுக்கு? ஒவ்வொரு சொந்தக்காரரும் பாட்டில் பாதி எனக்கு என்று கேட்டால், பாட்டை விற்க விற்க நஷ்டம். பப்ளிக் எனிமி மாதிரி ஆல்பம் செய்வது 1991-க்குப் பிறகு திறமை இருந்தும் கட்டுப்படியாகாத வேலையாகிவிட்டது.

வேற வழிகள் பிறந்தன. 1992 கடைசியில் டாக்டர் டிரே வெளியிட்ட "தி கிரானிக்" ஆல்பத்தில் பழைய ஃபங்க் பாட்டுகளின் இசையைப் பல இடங்களில் வாத்தியக்காரர்களை வைத்துத் திரும்ப வாசித்துப் பதிவு செய்தார். அப்போது ஒலிப்பதிவுக்காரருக்குக் காசு தர வேண்டாம், எழுதினவருக்கு மட்டும் போதும். வழவழப்பான, இடைவெளி விட்ட, பேஸ் அழுத்தமான ஓசை. அருமையான ஆல்பம், சந்தேகமே இல்லை. இன்னொரு வழி, இருபது சின்னத் துண்டுக்குப் பதில் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரே பெரிய பாட்டை மொத்தமாக எடுத்துக்கொள்வது. 1997-ல் பஃப் டாடி, சுட்டுக் கொல்லப்பட்ட நண்பர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. நினைவாக வெளியிட்ட பாட்டு அப்படித்தான். போலீஸ் குழுவின் "எவ்ரி பிரெத் யூ டேக்" அதில் முழுசாக ஓடும். பதினோரு வாரம் முதலிடம். எழுத்துரிமைப் பணம் ஸ்டிங்குக்குப் போனது. அந்தப் பாட்டை எல்லார் மனசிலும் நிறுத்துகிற கிதார் வாசிப்பு ஆண்டி சம்மர்ஸுடையது. பாடலாசிரியராக அவர் பெயர் இல்லை. இதைப் பற்றி அவர் வெளிப்படையாகவே புலம்பியிருக்கிறார்.

தலைகீழ் எங்கே என்று கவனிச்சீங்களா? சாம்பிள் எடுப்பது வாத்தியம் வாங்க முடியாதவனின் வேலையாகத் தொடங்கியது. பெரிய பாட்டின் சாம்பிள் கேட்டாலே, "இவருக்கு இதுக்கெல்லாம் காசு இருக்கு" என்று அர்த்தமாகிவிட்டது. ஜே-ஸீயும் கான்யே வெஸ்டும் 2011-ல் ஓட்டிஸ் ரெட்டிங் குரலை எடுத்து ஒரு பாட்டுச் செய்து, அவர் பெயரையே தலைப்பாக வைத்தார்கள். நல்ல பாட்டு. ஆனா ஒரு சேரிப் பையன் இன்னைக்கு அதை முறையாகச் செய்ய முடியாது.

2005-ல் இன்னொரு நீதிமன்றம் கயிற்றை மேலும் இறுக்கியது. ஃபங்கடெலிக் குழுவின் பாட்டிலிருந்து இரண்டு நொடி கிதார். எடுத்தது என்.டபிள்யூ.ஏ., அடையாளமே தெரியாதபடி மாற்றியிருந்தார்கள். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் உரிமம் வாங்கு, இல்லாட்டி எடுக்காதே என்பது தீர்ப்பின் சாரம். 2016-ல் வேறொரு நீதிமன்றம் இதை ஏற்காமல், துளியூண்டு எடுத்தால் தப்பில்லை என்றது. இரண்டும் இன்னும் நிற்கின்றன. வக்கீல் வைக்க முடிந்தவருக்குத்தான் அந்த இடைவெளியில் வேலை.

"அப்படியாவது அசல் கலைஞருக்குக் காசு போய்ச் சேர்ந்ததே" என்று நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் அந்த ஏழு நொடிக்கு வர்றேன்.

1969-ல் வின்ஸ்டன்ஸ் என்ற குழு "ஆமென், பிரதர்" என்று ஒரு வாத்திய இசைப் பாட்டைத் தட்டின் பின்பக்கத்தில் போட்டார்கள். நடுவில் டிரம்மர் கிரிகரி கோல்மன் நான்கு தாளச் சுற்று தனியாக வாசிக்கிறார். ஏழு நொடி. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த ஏழு நொடி இருக்கிறது. ஹிப் ஹாப் மட்டுமில்லை, இங்கிலாந்தில் ஜங்கிள் என்கிற இசை வகையே அதன் மேல்தான் கட்டப்பட்டது. கோல்மனுக்கு ஒரு காசு வரவில்லை. 2006-ல் அட்லாண்டாவில் வீடில்லாத நிலையில் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கும் ராயல்டி வந்ததில்லை. 2015-ல் ரசிகர்கள் இணையத்தில் நிதி திரட்டி அவருக்குச் சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் இன்னொருவர். ஜேம்ஸ் பிரவுனின் "ஃபங்கி டிரம்மர்" பாட்டில் அவர் வாசித்தது ஆயிரத்துக்கு மேற்பட்ட பாட்டுகளில் போயிருக்கிறது. சட்டப்படி பாட்டு ஜேம்ஸ் பிரவுனுடையது. டிரம்மர் கூலிக்கு வாசித்தவர். அவருக்குப் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைச் செலவைச் சத்தமில்லாமல் கட்டியவர் பாடகர் பிரின்ஸ்.

அதனால்தான் சொல்றேன், சட்டம் பாதுகாத்தது வாசித்தவரை இல்லை, பத்திரம் வைத்திருந்தவரை. நம்ம தவில்காரர், உறுமிக்காரர், பறை அடிப்பவர் பெயர் எத்தனை சினிமாப் பாட்டு அட்டையில் இருந்தது என்று யோசிச்சுப் பாருங்க, இது அமெரிக்கக் கதை மட்டும் இல்லேன்னு தெரியும். இந்தியாவுக்கும் இதில் நேரடியாக ஒரு அத்தியாயம் உண்டு. 2002-ல் ட்ரூத் ஹர்ட்ஸ் பாடிய "அடிக்டிவ்" பாட்டில் லதா மங்கேஷ்கர் குரல் கேட்காமலே எடுக்கப்பட்டிருந்தது. இசையமைப்பாளர் பப்பி லஹிரி வழக்குப் போட்டார், அவர் பெயரைப் போடாமல் ஆல்பத்தை விற்கக்கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் சொன்னது. இந்தப் பக்கம், 2007-ல் எம்.ஐ.ஏ. தன் "பாம்பூ பங்கா" பாட்டில் இளையராஜாவின் "காட்டுக்குயிலு" துண்டைச் சேர்த்தார். லண்டனில் பிறந்த ஈழத் தமிழ்ப் பெண், "தளபதி" படத்து ஓசையை உலகத்துக்குப் போட்டுக் காட்டுகிறார். முதல் தடவை கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன்.

இசையை விட்டுக் கொஞ்சம் விலகி ஒன்று சொல்லணும். ஹார்லெமில் டாப்பர் டான் என்ற தையல்காரர் 1982-ல் கடை திறந்தார். பெரிய ஃபேஷன் நிறுவனங்களின் முத்திரைகளைத் தோலில் அச்சிட்டு, ராப்பர்களுக்கு அந்த நிறுவனங்களே தயாரிக்காத ஜாக்கெட்டுகளைத் தைத்துக் கொடுத்தார். துணியில் செய்த சாம்பிளிங். நிறுவனங்கள் வழக்குப் போட்டன, சோதனை நடத்தின, 1992-ல் கடை மூடப்பட்டது. 2017-ல் குச்சி நிறுவனத்தின் காட்சியில் ஒரு ஜாக்கெட் வந்தது. டான் எண்பதுகளில் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்குத் தைத்ததின் அச்சு அசல். ஜனங்கள் கொதித்தார்கள். குச்சி அவரோடு கூட்டுச் சேர்ந்து, அடுத்த வருஷம் ஹார்லெமில் அவருக்குத் தையல்கூடம் வைத்துக் கொடுத்தது. சந்தோஷமான முடிவுதான். நடுவில் இருபத்தைந்து வருஷம் போயிருக்கு.

2017-லேயே இன்னொன்றும் நடந்தது. ஹிப் ஹாப்பும் ஆர் அண்ட் பி-யும் சேர்ந்து அமெரிக்காவில் அதிகம் கேட்கப்படும் இசை வகை என்று நீல்சன் நிறுவனக் கணக்கு சொன்னது. ராக் இசை கீழே போனது. அந்த உச்சியில் ஒலித்தது பெரும்பாலும் அட்லாண்டாவிலிருந்து வந்த டிராப் வகை: 808 டிரம் மெஷின் ஓசை, கீபோர்டில் சின்னதாக ஒரு மெட்டு. பழைய தட்டுத் துண்டுகள் குறைவு. சாம்பிள் செலவுதான் ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன், தென் மாநிலங்களுக்கு அவர்களுக்கான பார்ட்டி ஓசை முன்னாலேயே இருந்தது. ஆனால் யாருக்கும் கப்பம் கட்டாமல் ஒரு பெட்ரூமில் முடித்துவிடக்கூடிய இசை அது. காசுக் கணக்கு ஓசையில் பதிந்திருக்கிறது.

கடைசியா டி லா சோல். அவங்க கதைதான் இதில் எல்லாத்தையும்விட நீளம். முதல் ஆல்பம் வந்ததுமே டர்ட்டில்ஸ் குழுவினர் வழக்குப் போட்டார்கள், நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது. பெரிய அடி பின்னால் வந்தது. பாட்டுகள் இணையத்துக்கு மாறியபோது, 1989-ல் தட்டுக்கும் கேசட்டுக்கும் வாங்கின அனுமதி டிஜிட்டலுக்குச் செல்லுமா என்று சிக்கல். பழைய இசை நிறுவனத்தோடு பங்குத் தகராறு வேற. ஸ்பாட்டிஃபையில் எல்லாரும் இருந்தார்கள், இவர்களின் முக்கியமான ஆல்பங்கள் இல்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு குழு இருந்ததே தெரியாமல் போனது. 2014 காதலர் தினத்தில், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தங்கள் பாட்டு அத்தனையையும் 25 மணி நேரம் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள் என்று ரசிகர்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

2021-ல் அந்தப் பழைய நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. துண்டு துண்டாக அனுமதி வாங்கும் வேலை தொடங்கியது. கிடைக்காத சில இடங்களைத் திரும்ப வாசித்துச் சேர்த்தார்கள். 2023 மார்ச் 3-ஆம் தேதி எல்லா ஆல்பமும் இணையத்துக்கு வந்தது. குழுவின் மூன்று பேரில் ஒருவரான டேவ் ஜோலிகர் அதற்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, பிப்ரவரி 12-ஆம் தேதி, இறந்துபோயிருந்தார்.

இந்த வாரம் நேரம் கிடைச்சா இரண்டு காரியம் பண்ணுங்க. டி லா சோலின் முதல் ஆல்பத்தை ஹெட்போன் போட்டு முழுசாக் கேளுங்க, இப்ப கிடைக்குது. அப்புறம் "ஆமென், பிரதர்" தேடி எடுத்து, 1 நிமிஷம் 26 நொடிக்குப் போங்க. வாசிக்கிறவர் பேரு கிரிகரி கோல்மன்.